நான்காம் ரீல்

கீரிப்பாறைக்குப் படப்பெட்டி ஏறியது
ஐப்பசி மழைக்குள்.
ஜீப்பின் பின்சீட்டில் புரொஜெக்டர்,
அதன்மேல் என் மழைக்கோட்டு.
நனைந்தது நான்.

தடிக்காரன்கோணம் டீக்கடையில் கேட்டார்கள்:
"வங்காளிப் படமா? கறுப்பு வெள்ளையா?
சண்டையும் கிடையாதா?
ரப்பர் வெட்டப் போற சனத்துக்கு
இது என்னத்துக்குவே?"
எங்கள் திரைப்படச் சங்கத்தில் பதினோரு பேர்,
படம் பார்க்க வருவது நான்கு பேர்.
நான் டீக்குக் காசு கொடுத்தேன்.

ஷீட் அடிக்கும் கூடத்தில்
கம்பிக்குக் கம்பி இழுத்து
இரட்டை வேட்டியைக் கட்டினோம்.
ஆசிட் நெடி, புளித்த பால் நெடி.
நூறு பேர் வந்து தரையில் அமர்ந்தார்கள்.
ஹட்டனிலும் பதுளையிலும் பிறந்து
ஒரு கையெழுத்தில் இந்தியர் ஆகி,
கப்பலில் இறங்கி,
கொழுந்து கிள்ளிய விரலால்
ரப்பர்க் கத்தி பிடிக்கப் பழகியவர்கள்.

கீழே ஓடும் ஆங்கில எழுத்தைத்
தமிழில் நான் உரக்கச் சொல்ல வேண்டும்,
அதுதான் ஏற்பாடு.
ஐந்து நிமிடம் கத்தியிருப்பேன்.
முன்னால் இருந்து சந்தனமாரி திரும்பினாள்:
"நீங்க உக்காருங்க சார், புரியுது."

திரையில் ஒருத்தி
பிரிந்துவந்த நாட்டின் மண் காலில் காயாமல்
புறம்போக்கில் நின்று
அடி வைத்து அளந்தாள்.
அவள் புருஷன் மூங்கில் ஊன்றினான்.
"பத்துக்குப் பன்னெண்டு."
"இல்லக்கா, எட்டுதான் வரும். அவ அடி சின்ன அடி."
"பள்ளத்துல போடுறாளே, தண்ணி ஏறுமே."
மூன்றாம் ரீலில் தண்ணீர் ஏறியது.
"சொன்னேன்ல."

பதிவு அட்டையை அவள்
அரிசிப் பானைக்குள் புதைத்தபோது
கூடமே சிரித்தது.
மூக்கன் தன் சட்டைக்குள் கைவிட்டு
பால் கவரில் மடித்திருந்த குடும்ப அட்டையை எடுத்து
பக்கத்து ஆளுக்குக் காட்டினான்.
அந்த ஆளும் எடுத்தான்.

'மக்கள் கண்ணீர் விட்டனர்'
என்று அறிக்கையில் முன்பே எழுதி
பைக்குள் வைத்திருந்தேன்.
ஒருவரும் அழவில்லை.

ஒரே ஓர் இடம்.
ஒன்றும் நடக்காத இடம்.
வேலை கிடைக்காமல் திரும்பிய புருஷனுக்கு
அவள் தேநீர் ஆற்றுகிறாள்.
ஆவி. கண்ணாடித் தம்ளர்.
அவன் குடிக்கிறான்.
அவ்வளவுதான்.
நூறு பேரும் தம்ளரையே பார்த்தார்கள்.
அது எந்த மலைக் கொழுந்து,
எவள் கூடையில் கிடந்தது
என்று தேடுவதுபோல.
படம் எடுத்தவனுக்கு இது தெரிந்திருக்காது.
எனக்கும் அதுவரை தெரியாது.

உடனே கரண்ட் போயிற்று.

இருட்டில் எல்லோரும்
தகரக் கூரையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
மழை விட்டால் மூன்று மணிக்கு வெட்டு,
விடாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை.
படம் ஓடும்போதும்
ஒரு காது அங்கேதான் இருந்திருக்கிறது.
பத்து மணிக்கு எழுந்து போனார்கள்,
பிள்ளைகளைத் தோளில் போட்டு.

ஜீப்பிலேயே தூங்கிவிட்டேன்.
கண் விழித்தபோது மழை இல்லை.
சரிவு முழுக்க நெற்றி விளக்குகள்.
ஒரு மரம் ஒளிர்ந்தது,
பட்டையில் ஒரு கோடு,
கோட்டில் வெள்ளை ஊறியது,
மரம் அணைந்தது, அடுத்தது.

வாளியோடு சந்தனமாரி
ஜீப் அருகே நின்றாள்.
"சார், அந்த வீட்டுக்குக் கதவு வெச்சாங்களா?"

நான்காம் ரீல் எனக்குத் தெரியும்.
அங்கிருந்தும் எழுப்பிவிடுவார்கள்.
சுவர் பாதியில் நிற்கும்.

"வெச்சாங்க."

"என்ன மரம்?"

அதற்கு நான் தயாராக இல்லை.
"பலா," என்றேன்.

"நல்லது. ரப்பர் மரத்துல வெச்சிருந்தா
வண்டு தொளைச்சிரும்.
எங்க வீட்டுல அதான் வெச்சிருக்கோம்."

விளக்கு மேலேறிப் போனது.

நாகர்கோவில் வந்து
அறிக்கையில் கண்ணீரை அடித்தேன்.
'மின்தடை காரணமாக
நான்காம் ரீல் திரையிடப்படவில்லை'
என்று எழுதினேன்.