தினமுமா, எப்பவாவதா

தையல் டேப்பின் முதல் ஆறு அங்குலத்தை
போன மழையில் எலி தின்றுவிட்டது.
மிச்சம் ஆறிலிருந்து தொடங்கும்,
எதை அளந்தாலும் ஆறு கழிக்கவேண்டும்.
ஃப்ரிட்ஜ் பக்கத்துச் சுவரில் வைத்து இழுத்தேன்.
கதவு திறந்து சுற்றும் இடம்வரை எழுபத்தெட்டு.
லோகித்தின் கணக்கு நோட்டில் கடைசித் தாளைக் கிழித்து
எழுதி, ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன்.

மூன்று மாதமாக ரத்னா தரையில் படுக்கிறாள்.
தலையணை கொடுத்தால் கழுத்து வலிக்கும் என்பாள்.
நாங்கள் எழுவதற்குள் பாய் சுருண்டு
பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.
ராத்திரி அங்கே ஒருத்தி படுத்திருந்தாள் என்பதற்கு
ஒரு தலைமுடிகூட விட்டுவைக்கமாட்டாள்.
பழையபேட்டையில் எங்கள் வீட்டுக்காரம்மா
தலைக்கு இவ்வளவு என்று தண்ணீர்க்காசு வாங்குகிறவர்.
"தங்கச்சி இன்னும் ஊருக்குப் போகலையா?"
மோட்டார் போடும்போதெல்லாம் கேட்பார்.
"ரெண்டு நாள்ல" என்பேன்.
தொண்ணூறு நாளாக ரெண்டு நாள்.

கட்டில் வாங்கலாம் என்றார் திம்மராயன்.
கட்டில் போட்டால்
வீட்டுக்காரம்மாவுக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.
நாற்காலியைப் பார்த்து
யாருக்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சேலம் ரோட்டுக் கடை, முதல் மாடி,
பாலிதீன் கழற்றாத சோபாக்களுக்கு நடுவில்
அப்ரோஸ் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினான்.
ஒன்று டாக்டரிடம் நாக்கு நீட்டுவதுபோல் நீண்டது.
ஒன்றை டக் டக் டக்கென்று மூன்று தடவை சாய்க்கவேண்டும்.
ஒன்றின் இரும்புக்கால் டைல்ஸில் கோடு போட்டது.
நான்காவது, விரித்தால் எழுபத்தாறு.
"ரெண்டு அங்குலம் மிச்சம்" என்றார் இவர், சீட்டைப் பார்த்து.

ரத்னா கண்ணாடி வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
டைனிங் டேபிள் வாங்க வந்த வேறு யாரோ மாதிரி.
மடிக்கும்போது சத்தம் வருமா என்று மட்டும் கேட்டாள்,
விடியற்காலை அஞ்சு மணிக்கு மடித்தால்.
அப்ரோஸுக்குக் கேள்வி புரியவில்லை.
மடித்து, விரித்து, மடித்து
அவனே ஒருமுறை காதை வைத்துக் கேட்டான்.

அப்புறம் அவன் கேட்டான்:
"தினமும் படுக்கறதுக்கா மேடம்,
இல்ல எப்பவாவது யாராவது வந்தா போனா மட்டுமா?
எப்பவாவதுன்னா மூணு இன்ச் ஃபோம் போதும்.
தினமும்னா அஞ்சு இன்ச் போட்டாத்தான் தாங்கும்,
நாலாயிரத்து இருநூறு கூட ஆகும்."

திம்மராயன் போனை எடுத்துப் பார்த்தார்,
யாருமே கூப்பிடாத போனை.
"எப்பவாவதுதான்" என்று ரத்னா வாயெடுப்பது
திரும்பாமலே எனக்குத் தெரிந்தது.
குக்கர் கழுவும்போதும்
பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும்
நான் சொல்லிப் பார்த்திருந்த வார்த்தை,
அவளிடம் மட்டும் சொன்னதில்லை.
"தினமும்" என்றேன்.
சத்தம் கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது,
கேஷ் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தார்.
"தினமுமேதான் தம்பி. அஞ்சு இன்ச் போடுங்க."

அவள் அழவில்லை. ஒன்றும் சொல்லவில்லை.
வந்து, சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள்,
குழி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறதென்று.
"பிரவுன் வேணாம்" என்றாள்.
"அங்க எல்லாமே பிரவுன்."
நீலம் ஸ்டாக் இல்லை, பத்து நாளாகும் என்றான்.
"பத்து நாள்தானே" என்றாள்.

பதினோராம் நாள் டாடா ஏஸில் வந்து இறங்கியது.
விரித்தோம்.
எழுபத்தாறு, கடையில் சொன்னபடியே.
கதவு பாதியைத் தாண்டி முட்டி நின்றது.
"ஆறைக் கழிச்சியா?" என்றார் இவர்.
கழிக்கவில்லை.

இனி ராத்திரி யார் கதவைத் தட்டினாலும்
வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் நுழையவேண்டும்.
அவளைச் சமாதானம் பேசிக் கூட்டிப்போக
அங்கிருந்து ரெண்டு பெரிய மனுஷர்கள்
கிளம்பப்போவதாகக் கேள்வி.
வரட்டும்.
ரெண்டு பேருக்குமே நல்ல உடம்பு.