மாறியது மட்டும்

மஹ்பூலாவில் ஐந்தாம் மாடி, ஆறு கட்டில்.
ஃபிரிட்ஜின் தலையில் ஒரு பழைய டெல்,
வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஏழு தினார்.
லினக்ஸ் போட்டேன்.
காசு கேட்காதது என்பதால் மட்டுமில்லை,
உள்ளே என்ன நடக்கிறதென்று
திறந்து காட்டுகிற ஒன்றாவது
இந்த ஊரில் எனக்கு வேண்டியிருந்தது.

இரவு இரண்டரைக்கு ஆர்சிங்க் எழும்.
வைஃபையில் கட்டில் கட்டிலாகப் போய்
லேப்டாப்களைத் தட்டிக் கேட்கும்:
நேற்றுக்குப் பிறகு என்ன மாறியது?
மாறியதை மட்டும் கொடு.
பக்கீர் மைதீனிடம் மகளுக்குப் பல் விழுந்த படம்.
சேசையாவிடம் ஒன்றுமில்லை.
பல நாள் என்னிடமும்
பூஜ்யம் கோப்பு, இரண்டு நொடி.

திபூர்சியான் படுத்த கட்டிலில் இப்போது ஒரு நேபாளப் பையன்.
அவனை விசா முடித்து அனுப்பி எட்டு மாதம்.
ஸ்கிரிப்டில் அவன் வரியை நான் எடுக்கவில்லை.
தினமும் பல் துலக்கிக்கொண்டே படிப்பேன்:
திபூர்சியான், அடைய முடியவில்லை.

நேற்று தூத்துக்குடியிலிருந்து அவனே கூப்பிட்டான்.
"டைம்ஷீட்டைப் போட்டோ எடுத்து வச்சிருந்தேன்லா,
கையெழுத்துப் போட்ட அன்னைக்கு ஃபோர்மேன்
பக்கத்துல நின்னு அழிக்க வச்சான்.
வக்கீல் கேக்காரு. எங்கயாவது இருக்குமா?"

மூலத்தில் அழிந்ததை நகலிலும் அழி
என்று ஒரு சொல் உண்டு, கட்டளையின் வாலில் சேர்ப்பது.
நான் சேர்க்கவில்லை.
முன்யோசனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
சோம்பல்.

கேளாத கடனும் பாழ், பாராத பயிரும் பாழ் என்பார்கள்.
மூன்று வருடம் நகலெடுத்தவன்
ஒரு நாளும் ஒன்றையும் மீட்டுப் பார்த்ததில்லை.
கோப்புறையைத் திறக்கும்போது விரல் வேர்த்தது,
ஏசி பதினெட்டில் இருந்தும்.

இருநூற்றுப் பதினான்கு படம்.
எல்லாவற்றின் ஓரத்திலும் அவன் கட்டைவிரல்,
நகத்தில் கிரீஸ்.
மார்ச்சில் நாலு நாள் அதில் ஒரு கட்டு.
எப்படி என்று அப்போது அவன் சொல்லவில்லை,
ஒரே அறையில் இருந்த நாங்களும் கேட்கவில்லை.
மணி: பதினான்கு. பதினான்கு. பதினான்கு.
மாறியது தேதி மட்டும்.

அனுப்பிக்கொண்டிருக்கிறேன், அறுபத்தொரு சதவீதம்.
அந்தப் பக்கம் அவன் இன்னும் தூங்கவில்லை,
ஒவ்வொரு படத்துக்கும் 'வந்துட்டு' என்கிறான்.