இடக்காது

ஒரு காதில் வாங்கி
மறு காதில் விடுகிறான் என்று
இனி யாரும் என்னைத் திட்ட முடியாது.
லுவான்ஷ்யாவின் செப்புச் சுரங்கத்தில்
இரண்டாயிரம் அடி கீழே
சொன்ன நேரத்துக்கு முன்பே வெடித்த வெடியொன்று
இடக்காதை அடைத்துவிட்டுப் போனது.
வலக்காதில் நுழைவதெல்லாம்
வெளியேற வழியில்லாமல்
உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்:
கூண்டு இறங்கும் மணி, ஃபோர்மனின் வசவு,
பக்கத்து வீட்டுக் கோழி.

கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டில்
கிதார் வாங்கினேன்.
சிலுஃப்யா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
பேசியும் இருக்கலாம்.
அந்த இரண்டு ராத்திரியும்
இடப்பக்கம்தான் படுத்திருந்தாள்.

ஐந்து கம்பிதான் இருந்தது.
ஆறாவது, சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்து உருவியது.
விரலை அறுக்கும்.

எல்லை தாண்டிப் போய்வரும் ப்வெம்ப்யா
மீன் மூட்டைக்குள் வைத்து ஒரு கேசட் கொண்டுவந்தான்.
பேர் எழுதின தாள் கிழிந்துபோயிருந்தது,
கருவாட்டு வாசனை கிழியாமல் இருந்தது.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு,
பாடுகிறவன் வாயை மூடினதும்
கிதார் தனியாக ஓட ஆரம்பிக்கிற இடம்.

அதுதான் எனக்கு வேண்டும்.

பேட்டரி விலைக்கு ஒருநாள் குழம்பு வைக்கலாம்.
ஆகவே பல்சக்கரத்தில் பென்சிலை நுழைத்து
கையாலேயே பின்னுக்குச் சுற்றுவேன்.
ஓய்ந்த பேட்டரியைத் தகரக் கூரையில்
வெயில் காயவைப்பேன்.
சாயங்காலம் அதற்குக் கொஞ்சம் உயிர் வந்திருக்கும்.
அந்த உயிரில் பாட்டு
நிறைமாதக்காரி மேடேறுவதுபோல் வரும்.
எனக்கு அதுவே தோது.

இருட்டில் விழுந்த காசுக்குத்
தரையைத் தடவுகிறவன்போலத் தடவினேன்.
இது இல்லை.
இதுவும் இல்லை.
இன்னும் ஒரு மெட்டுத் தள்ளி.
ஆ.

கட்டைவிரல் கீழே ஒரு பேச்சுப் பேசவேண்டும்,
மற்ற விரல்கள் மேலே வேறொன்று,
ஒன்றை ஒன்று மடக்காமல்.
இவனுக்கு எத்தனை விரலோ என்று
ஷிஃப்டில் பாறை அள்ளும்போது யோசிப்பேன்.
மழை வந்தது. சோளம் முற்றியது.
மகள் சொம்பா தவழ்ந்தாள்,
ஒருநாள் கிதாரைப் பிடித்து எழுந்து நின்றாள்.
பதினாலு மாதம்.

ஒரு சம்பளச் சனிக்கிழமை
பீர் ஹாலில் வாசித்தேன்.
ப்வெம்ப்யா கோப்பையைக் கீழே வைத்தான்.
சுற்றிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து குனிந்தான்.
‘மடையா, அது இரண்டு பேர்.’

அவன் லாரியில் இரண்டு ஸ்பீக்கர்.
ஒரு கதவோரம் நின்று கேட்டேன்: கீழே உழுகிற ஒருவன்.
சுற்றிப்போய் மறு கதவோரம் கேட்டேன்:
மேலே பறக்கிற மற்றவன்.
நடுவில் ஒரு லாரியின் அகலம்.
என் பெட்டிக்கு ஒரே வாய்,
எனக்கு ஒரே காது.
யாரைக் குறை சொல்ல?

அப்புறம் விரல் ஓடவில்லை.
கட்டைவிரல் அடி எடுத்துவைத்தால்
மற்றவை நின்று வேடிக்கை பார்த்தன.

கிரஷரில் வேலைசெய்யும் கசோண்டேயிடம்
ஒரு கிதார் இருந்தது.
மேல்பாதியை அவனுக்குக் கொடுத்தேன்.
நாலே நாளில் பிடித்துக்கொண்டான், பாவி.
அடுத்த சம்பளத்துக்கு
கேசட்டில் உள்ளபடியே இருந்தது என்றார்கள்,
மேசை மேசையாகத் தட்டினார்கள்.

உள்ளபடியேதான் இருந்திருக்கும்.
நான் அவனை
என் இடப்பக்கம் உட்காரவைத்திருந்தேன்.
சும்மா இருக்கவேண்டிய என் விரல்கள்
கம்பியில் படாமல்
காற்றிலேயே
அசைந்துகொண்டிருந்தன.