காணப்படவில்லை

எமரன்சியா கொண்டுவந்தது
மூடி இறுக்கிய யோகட் கோப்பை ஐந்து.
பாலையூற்றிலிருந்து பஸ்ஸில், மடியில் வைத்து,
மேலே சேலைத் தலைப்பைப் போட்டு.
ஒவ்வொன்றிலும் பேனாவால் பெயர்:
மொட்டைவால், ராணி, சின்ன ராணி, கறுப்பன்,
ஐந்தாவதில் வெறுமனே "இருமுறது".

"கண்டக்டர் கேட்டான், அக்கா அப்பம் சுட்டதோ எண்டு.
ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."
முகக்கவசத்துக்குள் சிரித்தபடி
இரண்டாவது கையுறையையும் மாட்டினேன்.

நாலு கிராம். அறுபது மில்லிலீற்றர்.
நிலாவெளி உப்பு,
இனிக் கரையமாட்டேன் என்று
அடியில் குந்தி அடம்பிடிக்கும் வரை கரைத்தது.
தேத்தண்ணி வடியில் வடித்துக்
கண்ணாடிக் கூட்டுக்குள் விட்டு
ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும்.
கனத்தது கீழே போகும்.
முட்டை மேலே வரும்.
வெளியே கோட்டை மான் ஒன்று
மதிலோரம் லஞ்ச் சீற்றை மென்றுகொண்டிருந்தது.
அதன் வயிற்றுச் சங்கதியை
யாரும் என்னிடம் கொண்டுவருவதில்லை.

பிறகு கோடு கோடாய் எண்ணல்.
மாப்பொட்டு. புல்நார். காற்றுக் குமிழி:
பெரிய பொய்க்காரி, அவளுக்கும் வட்ட முகம்.
பிறகு அது.
சாயம் குடித்த மண்ணிறம்,
விளிம்பெல்லாம் மேடும் பள்ளமும்,
ஊசிமுனையில் செதுக்கிய பலாக்காய்.
அழகு. சொல்லக்கூடாது, ஆனால் அழகு.

மொட்டைவால் நாற்பத்தொன்று.
ஐம்பதால் பெருக்கு.
சின்ன ராணி மூன்று.
நூற்றைம்பது என்றால் புழு இருக்கலாம்,
அல்லது மொட்டைவாலின் கழிவைக் கிளறித் தின்றதில்
வாயால் போய் வாலால் வந்த
வெறும் வழிப்போக்கன் மூன்றாக இருக்கலாம்.
"இருக்கோ இல்லையோ, ஒண்டைச் சொல்லுங்கோ தங்கச்சி."

இருமுறது பூச்சியம்.
இன்னொரு தரம் கலக்கிப் பார்த்தேன். பூச்சியம்.
படிவத்தில் எழுதினேன்: காணப்படவில்லை.
இல்லை என்று எழுதவில்லை.

கிண்ணியாத் துறையில் பாதைக்குக் காத்திருந்த காலத்தில்
வாப்பாவின் அரிசி மூட்டைக்குள்
கம்பியை விட்டு விட்டு எடுத்து
ஒன்றுமில்லை, போ என்பான் சிப்பாய்.
கம்பி போன இடத்தில் ஒன்றுமில்லை என்று
பாதை நடுத்தண்ணீருக்கு வந்தபின்
வாப்பா சொல்லுவார். சிரிக்கமாட்டார்.

நாலரைக்கு மேசையைத் துடைத்தேன்.
ஏழு தரம் கை கழுவினேன், அதில் ஒரு தரம் மண்ணால்.
ஜாம் போத்தலில் இருப்பது என் முற்றத்து மண்.
அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்காய்க் கிடக்கும்
என்று தெரிந்தவள் நான்,
சலித்து, பங்குனி வெயிலில் காயவிட்ட மண்.
டொக்டர் இந்துனில் ஒருநாள் போத்தலைப் பார்த்தார்,
ஏதோ கேட்க வாயெடுத்தார்,
சவர்க்காரம் முடிந்துவிட்டதா என்றார்.
உம்மா கேட்பா, இண்டைக்கு என்ன வேலை?
எண்ணினேன் என்பேன்.

மூன்று கிழமை கழித்து, மழைக்குள் போன்.
இருமுறதை நத்தாருக்கு அறுத்தார்களாம்.
"ஈரல் முழுக்க வெள்ளை, தங்கச்சி.
பால் தெறிச்சுக் காய்ஞ்ச மாதிரி.
நீங்கள் பூச்சியமெண்டல்லோ தந்தனீங்கள்."
குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

குஞ்சுப் புழு.
ஈரலைத் துளைத்து, நெஞ்சுக்கு ஏறி,
இருமலோடு தொண்டைக்கு வந்து,
விழுங்கப்பட்டு, குடலில் இறங்கி வளர்ந்து,
அதற்குப் பிறகுதான் முட்டை.
அதுவரை என் உப்பில் மிதக்க
அதனிடம் எதுவும் இல்லை.

படிவத்தைப் பாருங்கோ அக்கா என்று தொடங்கினேன்.
நிறுத்திக்கொண்டேன்.
மறுமுனையில் தகரத்தில் மழை.
பிறகு அவள்:
"மற்ற நாலுக்கும் மருந்து எவ்வளவு?"
ஒவ்வொன்றின் நிறையும் கேட்டேன்.
கறுப்பனுக்குக் கொஞ்சம் கூட்டியே சொன்னாள் போல.

போனை வைத்துவிட்டு
அடிமட்டம் எடுத்தேன்.
புதுப் படிவக் கட்டில்
ஒவ்வொரு தாளிலும், எண்ணிக்கைக்கு முன்னால்,
ஒரு கட்டம் கீறினேன்:
இருமுகிறதா?