பிரியவில்லை

இங்கே யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை.
பார்ப்பது திரையை.
யனாரா இரண்டு சோடிக் காலுறை மாட்டிக்கொண்டு
ஹீட்டர் பக்கம் நாற்காலியை இழுத்து
முப்பத்தோராவது இரட்டையின் எண்ணை வாசிக்கிறாள்.
நான் தட்டுகிறேன். அடுத்த கூடத்தில்
நாலு மீட்டர் கண்ணாடி முனகித் திரும்புகிறது.

திரைக்கு வரும்போது நட்சத்திரம் நட்சத்திரமாக இருப்பதில்லை.
உலையில் துள்ளும் ஒரு பிடி அரிசி.
கொதிப்பது காற்று:
பசிபிக்கின் ஈரமும் ஆண்டெஸின் குளிரும்
ஒன்றன்மேல் ஒன்று உருண்டு
அத்தனை தூரம் முழுசாக வந்த ஒளியை
கடைசி ஒரு கணத்தில் நொறுக்கிக் கொடுக்கின்றன.
அதனால் அவசரம்.
வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு திறந்து, மூடி,
திறந்து, மூடி, நாலாயிரம் தடவை,
காற்று அடுத்த புரண்டலுக்கு மூச்சிழுக்கும் முன்.

ஒவ்வொரு படமும் பொய்தான்.
நாலாயிரம் பொய்களிலும் மாறாமல் நிற்கும் இடைவெளி எது
என்று கணினியைக் கேட்கிறோம்.
வரிவரியாகப் பதில் வரும்.
வரி விழுந்தால் இரண்டு.
வரி நெருங்கினால் அவை தள்ளி இருக்கின்றன,
வரி அகன்றால் அருகில்.
எவ்வளவு அருகில்?
அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், கோகிம்போ துறைமுகத்தில்,
ஒருவன் விரலிடுக்கில் பிடித்த நூறு பேசோ நாணயத்தின்
இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் உள்ள தூரம்.
அதுகூட எங்களுக்குத் தாராளம்.

முப்பத்தொன்றில் வரி இல்லை.

"ஃபோகஸ்," என்றாள் யனாரா.
தெரிந்த ஓர் இரட்டைக்குத் திருப்பினோம். வரி, பளிச்சென்று.
திரும்பி வந்தோம். இல்லை.
இடையில் ஒரு சின்ன நிலநடுக்கம்.
காபியில் வளையம் எழுந்து அடங்கியது.
யாரும் எழவில்லை.
மறுபடி நாலாயிரம்.
வட்டமாய், வழவழவென்று, பிசிறில்லாத ஒற்றை ஒளி.

கணக்குப்படி இன்று வரி அகலமாகவேனும் விழுந்திருக்க வேண்டும்.
கணக்கு ஓயனேடேருடையது.
எண்பத்தொன்பதில் இதே மலையில் ஃபிலிம் சுருளில் அளந்து
பென்சிலால் எழுதியிருக்கிறார்: முப்பத்துநாலு பாகை.
ஆனால் வரிகளுக்கு ஒரு குறை உண்டு.
இரண்டு என்று சொல்லும்,
இவ்வளவு தூரம் என்று சொல்லும்,
எது எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லாது.
இரண்டும் ஒரே பிரகாசம் வேறு.
அவர் ஒரு பக்கத்தைத் தேர்ந்திருக்கிறார்,
தூக்கத்தில், அல்லது யாரோ சாப்பிடக் கூப்பிட்ட அவசரத்தில்.
அந்த ஒரு புள்ளியை அரைவட்டம் திருப்பி வைத்தால்
முப்பத்தெட்டு ஆண்டுச் சுற்று பாதியாய்ச் சுருங்குகிறது;
இன்றிரவு அவை உரசாமல் உரசிக் கடக்கும் இரவாகிவிடுகிறது.

திருப்பினேன். பொருந்தியது.
பொருந்துவதாலேயே உண்மையா என்று
விடியும்வரை எனக்குத் தெரியவில்லை.
பதிவேட்டில் எழுதியது இவ்வளவே:
தேதி. எண். பிரியவில்லை.
0.03க்குக் குறைவு.
பார்க்காததையும் அளவோடு எழுத வேண்டும் என்பது இந்த வேலையின் மரியாதை.

இறங்கும்போது எலியோதோரோ ஜீப்பின் முகப்பு விளக்கைப் போடவில்லை;
முதல் வாசல் தாண்டும்வரை யாரும் போடக்கூடாது.
இருட்டில் சரளைச் சத்தத்தை வைத்தே வளைவுகளைத் திருப்பினார்.
"எத்தனை?"
"முப்பது. ஒன்று ஒன்றாகவே நின்றுவிட்டது."
உச்சுக்கொட்டினார், சாவு வீட்டில் கொட்டுவதுபோல.
அப்படியில்லை என்று விளக்க எனக்குத் தெம்பில்லை.

வாசலுக்குக் கீழே, வெகு தூரத்தில்,
ஒரு வெளிச்சம் ஏறி வந்துகொண்டிருந்தது.
அவர் வண்டியைப் பாறையோரம் ஒதுக்கி நிறுத்தினார்.
"மோட்டார்சைக்கிள்தானே?"
"இருக்கலாம். ஒரு கண் போன சுரங்க லாரியாகவும் இருக்கலாம்.
ஒற்றையாய் வந்தால் நான் இரண்டுக்கு இடம் விடுவேன்."

வெளிச்சம் வளைந்தது, மறைந்தது,
ஆட்டுப்பட்டிப் பாதையில் திரும்பியிருக்க வேண்டும்,
மறுபடி வரவில்லை.
எலியோதோரோ எஞ்சினை அணைக்காமல்
இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.