தள்ளு

வாங்கி எட்டு மாதம்.
இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் இன்னும் கழற்றவில்லை.
பாடாங் செராயில், சந்தையைத் தாண்டி
இடப்பக்கம் ஒடிக்கிற முனையில்
மூச்சை விட்டுவிடும் காடி.
பின்னால் லோரி ஹாரன். மழை.
பக்கத்து இருக்கையில் ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருக்கும்.
மீன்கடைப் பையன்கள் ஓடி வருவார்கள்:
தள்ளு, தள்ளு, அக்காவோட புதுக் காடி!

முதல் தடவை, "எண்ணெய் சரியில்லக்கா" என்றான் மெக்கானிக்.
இரண்டாம் தடவை, காய்ச்சல் பிள்ளையைத் தொடுவதுபோல்
போனெட்டின் மேல் கை வைத்துப் பார்த்தான்.
நான்காம் தடவை கணினியைச் செருகினார்கள்.
ஆறாம் தடவையும்.
கோளாறு காணப்படவில்லை.
தாளின் அடியில் நீல முத்திரை,
முத்திரைக்குக் கீழே என் கையெழுத்து,
என்னவோ நானே ஒப்புக்கொண்ட மாதிரி.

நான் செம்பனை ஆலையில் குலை பார்ப்பவள்.
லோரி கொட்டும் மேடையில் கொக்கியோடு நிற்பேன்.
கறுத்த குலை, காம்பு நீண்ட குலை,
ஒரு பழம்கூட உதிராத குலை:
தள்ளு, என்பேன்.
"ஒன்னே ஒன்னுதானே, விடு தங்கச்சி."
தள்ளு.
பதினான்கு வருஷமாய் அந்தச் சொல்லில் சோறு தின்றவள்
சர்வீஸ் கவுண்டரில் நின்று சொன்னது:
"அப்ப வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கிறேங்க."

வீட்டுக்காரர் கிராண்டைக் காட்டினார்.
"பேங்க் பேரு போட்டிருக்கு பாரு. ஒம்பது வருஷத்துக்கு
அது அவன் காடி. நீ யாரு கேக்க?"
மாசம் அறுநூற்று இருபது வெள்ளி கட்டுகிறவள், என்றேன்.
பிறகு அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

நகல் எடுக்கும் கடைப் பரிமளகாந்திதான் சொன்னாள்,
பயனீட்டாளர் தீர்ப்பாயம் என்று ஒன்று இருக்கிறது,
பாரத்துக்குச் சில்லறைக் காசு,
வக்கீலை உள்ளேயே விட மாட்டார்கள், உன் வாய் போதும்.
சட்டத்திலிருந்து ஒரு பக்கம் அடித்துத் தந்தாள்.
அதற்குக் காசு வாங்கவில்லை.
பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும்.
மூன்று முறை படித்தேன்.
இதை எழுதினவர் எங்கோ ஒரு மேடையில்
கொக்கியோடு நின்றிருக்க வேண்டும்.

அலோர் ஸ்டாரில் விசாரணை.
கம்பெனி ஆள் தடித்த ஃபைலோடு வந்தார்.
என்னிடம் மளிகைக்கடை 555 புத்தகம்.
தலைவர் புவான் ஒவ்வொரு தாளாய்ப் புரட்டினார்.
மார்ச் 3, சந்தை முனை, மழை, 40 நிமிஷம்.
மார்ச் 19, ரயில் கேட், வெயில், 25 நிமிஷம்.
சீனி 2, மைலோ 1, பாக்கி 14.60.
"இது என்ன?"
"கடைக் கடன், புவான்."
கம்பெனி ஆள் சிரித்தார்.
புவான் சிரிக்காமல் அடுத்த தாளுக்குப் போனார்.

கடைசியில் கேட்டார், உங்களுக்கு என்ன வேண்டும்?
இரவெல்லாம் மலாயில் மனப்பாடம் செய்த வாக்கியம்
கார்ப்பெட்டில் எங்கோ விழுந்துவிட்டது.
தோலாக், என்றேன்.
தள்ள உதவியா, ஏற்க மறுப்பா?
காடியைத் தள்ளினது போதும் புவான்,
இப்போது காடியையே தள்ளுகிறேன்.
அவர் பேனா கொஞ்ச நேரம் எழுதியது.
முடிவு பிறகு வரும், போகலாம் என்றார்கள்.

திரும்பி வரும்போது ஒரு செருமல் இல்லை.
நெடுஞ்சாலை முழுக்கப் பட்டுபோல் ஓடியது.
சந்தை முனையில் வேண்டுமென்றே மெதுவாக ஒடித்தேன்.
மழையும் இருந்தது.
மீன்கடைப் பையன்கள் கை துடைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

நிற்கவில்லை.

ஓரமாய் நிறுத்தி, புத்தகத்தை எடுத்து
அதையும் எழுதினேன்: தேதி, இடம், மழை,
இன்று ஓடியது.