பல் கூசும் வரை

பாஸ்தா பெட்டியின் முதுகில்
ஒன்பது நிமிடம் என்று போட்டிருக்கிறது.
துய்லியோவுக்கு எந்த ஒயினை ஊற்றுவது என்று
எங்கும் போடவில்லை.

ட்ரியெஸ்தேயில் மூன்றாவது நாளாக போரா.
மலையிலிருந்து இறங்கிக்
கடலைத் தேடி ஓடுகிற காற்று
போகிற வழியில்
எங்கள் மாடிப்படி விளக்கையும் தின்றுவிட்டது.

ஆறு பேர் வருகிறார்கள்.
வெண்ணெய் கால் கிலோ.
நீலப் பூஞ்சை ஓடிய சீஸ் அதைவிடக் கொஞ்சம் கூட.
க்ரீம், உடைத்த அக்ரூட்.
என் டாக்டர் பார்த்தால்
கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவார்.

இவ்வளவு கொழுப்புக்கு எதிரே
மெலிந்த ஒன்று உட்கார வேண்டும்,
வெள்ளையாய், சில்லென்று, சண்டைக்காரியாய்.
இதை எனக்குச் சொன்னதே துய்லியோதான்.
துறைமுகத் தெருவில் முப்பது வருடம்
ஒயின் கடை வைத்திருந்தவன்.
கோப்பைக்குள் மூக்கை விட்டு
நனைந்த சுண்ணாம்புக்கல்,
பேரிக்காய்த் தோல்,
மழைக்கு முன் அவசரமாக மடித்த படுக்கைவிரிப்பு
என்று அவன் அடுக்க அடுக்க
நாங்கள் வாங்கிவிடுவோம்,
எங்களுக்கு ஒரு மண்ணும் மணக்காவிட்டாலும்.

போன மார்ச்சில் ஒரு காய்ச்சல்.
காய்ச்சல் போய்விட்டது.
போகிற போக்கில் வாசனையையும் கூட்டிக்கொண்டு போனது.
ஜூனில் கடையை மூடினான்.
"கேஸ் கசிந்தாலே எனக்குத் தெரியாது,
ஒயினைப் பற்றி என்ன சொல்ல" என்று சிரித்தான்.
கூடச் சிரிக்க ஆளில்லை.

இரண்டு பாட்டில் வாங்கியிருந்தேன்.
ஒன்று மால்வசியா, விலை உயர்ந்தது, விருந்தாளிகளுக்கு.
ஃப்ரிட்ஜில் இடமில்லை,
ஷூ லேஸால் ஜன்னல் கம்பியில் கட்டிப்
போராவிடம் ஒப்படைத்தேன்.
இன்னொன்று
நேரினாவின் மைத்துனன் கார்சோ மேட்டில்
தகரக் கொட்டகைக்குள் செய்வது.
லேபிள் கிடையாது.
சாஸைத் தளர்த்த மட்டும்.

மேசையில் முதல் வாய்.
ஃபெர்ருச்சோ கோப்பையைச் சுழற்றினான்,
முகர்ந்தான்,
"ஆப்ரிகாட்..."
என்று ஆரம்பித்துத் துய்லியோவைப் பார்த்தான்.
அதற்குப் பிறகு ஒயினைப் பற்றிப் பேச
யாரிடமும் ஒன்றுமில்லை.
ஸவேரியா காற்றைப் பற்றிப் பேசினாள்.
ஸ்தோயான் காற்றைப் பற்றியே பேசினான்.

"மணக்கிறதை மணக்கிறது என்று சொல்லித் தொலையுங்கள்"
என்றான் துய்லியோ.
மூன்று முள்கரண்டி பாஸ்தா.
நாலாவதைத் தட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.
"திகட்டுகிறது, நீவெஸ். கோபித்துக்கொள்ளாதே."

வாசனை இல்லாதவனுக்கு
வெண்ணெய் என்பது வெறும் எடை.
எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுப்படிக்குப் போனேன்.
சாஸில் ஊற்றியது போக
பாதி பாட்டில் மீதம்.
தண்ணீர் குடிக்கிற டம்ளரில் ஊற்றி
ஒன்றும் சொல்லாமல் அவன் முன்னால் வைத்தேன்.

குடித்தான்.
ஒரு கண் மூடிக்கொண்டது.
கன்னம் இரண்டும் உள்ளே போயின.
கீழ்த்தாடையை ஒருமுறை கழற்றி மாட்டுவதுபோல் அசைத்தான்.

"பல் கூசுகிறது."

திட்டா, பாராட்டா?
சுற்றிவைத்திருந்த நாலாவது கரண்டி வாய்க்குள் போனது.
மறுபடி ஒரு மடக்கு.
மறுபடி பாஸ்தா, இம்முறை வாய் கொள்ளாமல்.
சீஸ் மேல் புளிப்பு பாய்ந்து
நாக்கைக் கழுவிக் கழுவி விடுவதை
எதிரே உட்கார்ந்திருந்த எங்களால் பார்க்க முடிந்தது,
சத்தியமாக.

"இந்தக் கழுதையை
என் கடை வாசல்படி ஏற விட்டிருக்க மாட்டேன்"
என்றான்,
காலி டம்ளரை நீட்டியபடி.

பிறகு எல்லோருக்கும் கழுதை வேண்டியிருந்தது.
ஆளுக்கு ஒரு விரற்கடை.
எல்வினோவுக்கு இருமல் வந்தது.
நேரினா மைத்துனனுக்கு போன் போட்டு
இதுவரை அவனைக் கேலிசெய்ததற்கெல்லாம்
மன்னிப்புக் கேட்பதுபோல் எதையோ கேட்டாள்,
ஆறு பாட்டில் தருவானா என்று முடித்தாள்.

மால்வசியா பாதிக்கு மேல் அப்படியே நின்றது
விழாவுக்கு முன்னதாகவே வந்துவிட்ட
மரியாதைப்பட்ட அத்தை மாதிரி.

பதினொன்றரைக்குக் கிளம்பினார்கள்.
படியில் கும்மிருட்டு.
துய்லியோ முன்னால் இறங்கினான்,
இன்னும் கூச்சம் விடாத பற்களுக்குப் பின்னால்
நாக்கைச் சொடுக்கிக்கொண்டே.
டக். டக்.
அந்தச் சத்தத்தைக் கைப்பிடியாகப் பிடித்து
ஒவ்வொருவராக நாங்கள்
கீழே இறங்கினோம்.